மண்ணில் கிடைத்த கையடிப்பு இரும்புக் கருவிகள்: இனங்கண்டு காலம் குறிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் கரையோரத்தில் வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதும், பழைய பாரக்ஸ் (தோட்டக் கூலிகளின் வரிசைக் குடியிருப்பு) இருந்த நிலத்தைத் திருத்தும்போதும், கரும்புக்கு உழும்போதும் துருவேறிய இரும்புக் கருவிகள் வெளிவருவது வழக்கம். டொங்காட், வெருலம், ஸ்டேங்கர், உம்சிண்டோ பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் கொட்டகைகளில் அப்படி ஒன்றாவது கிடக்கும். "பாட்டன் காலத்து மண்வெட்டி" என்ற பேச்சோடு அதை விட்டுவிடாமல், அது என்ன கருவி, எப்படிச் செய்யப்பட்டது, எந்த ஆண்டுகளுக்கு இடைப்பட்டது என்று சான்றோடு சொல்ல விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

புதிதாக இதில் இறங்குபவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். கருவி கைக்கு வந்ததும் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள். அதன் பிறகே காலத்தைக் கேட்கிறார்கள். காலத்தைச் சொல்லக்கூடிய சான்றில் பெரும்பகுதி அது கிடந்த மண்ணிலும் மேலே படிந்த துருவிலும் இருக்கிறது. தேய்த்தவுடன் அது போய்விடும். அதனால் கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள்.

1. தொடுவதற்கு முன்: சட்டமும் இடமும்

தென்னாப்பிரிக்காவில் 1999ஆம் ஆண்டின் 25ஆம் எண் தேசிய மரபுவளச் சட்டம் இதற்குப் பொருந்துகிறது. பயன்பாட்டிலிருந்து நீங்கி, நிலத்தின் மேலோ உள்ளேயோ கிடக்கும், 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மனிதக் கைப்பொருளை அச்சட்டம் தொல்லியல் பொருளாகக் கொள்கிறது. அது அரசின் உடைமை. போர் தொடர்பான பொருள்களுக்கும் அவை கிடக்கும் இடங்களுக்கும் வரம்பு 75 ஆண்டுகள். அனுமதியின்றித் தொல்லியல் இடத்தைத் தோண்டுவதும், அங்கே உலோகம் கண்டறியும் கருவியைக் கொண்டுசெல்வதும், கிடைத்த பொருளை விற்பதும் குற்றமாகும்.

உழவிலோ கட்டுமான வேலையிலோ தற்செயலாக ஒன்று கிடைத்தால், உடனே மரபுவள அமைப்புக்கோ அருகிலுள்ள உள்ளாட்சி அலுவலகத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ தெரிவிக்க வேண்டும். நம் மாகாணத்தில் அமாஃபா என்ற அமைப்பு இதற்குப் பொறுப்பு. பீட்டர்மாரிட்ஸ்பர்கில் உள்ள குவாசூலு-நேட்டால் அருங்காட்சியகத்திலும் தொல்லியல் பிரிவு இருக்கிறது.

100 ஆண்டு ஆகிவிட்டதா என்பது காலம் கணித்த பிறகுதானே தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. ஐயம் இருக்கும்வரை ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்த 1860 நவம்பர் முதல், ஒப்பந்தக் கூலி முறையில் ஆள் எடுப்பது நின்ற 1911 வரையிலான காலத்தில் மண்ணுக்குள் போன ஒவ்வொரு கருவியும் இன்று அந்த வரம்பைத் தாண்டிவிட்டது.

மூன்று இடங்களில் கைவைக்காமல் நின்றுவிட வேண்டும். எலும்போ கல்லறையின் அடையாளமோ தெரிந்தால் நிறுத்துங்கள். முறையான இடுகாட்டுக்கு வெளியே உள்ள 60 ஆண்டுக்கு மேற்பட்ட கல்லறைகளுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. இரும்பு உருக்கும்போது கழிவாக மிஞ்சும் கனமான கறுப்புச் சிட்டக்கற்களும், துருத்திக் காற்று உலைக்குள் போகப் பயன்பட்ட சுட்ட களிமண் குழல் துண்டுகளும் சேர்ந்து கிடந்தால், அது இரும்பு உருக்கிய பழைய இடமாக இருக்கலாம். அங்கே ஒரு கருவியைவிட அந்த இடமே பெரிய சான்று. குண்டு, வெடிபொருள் போன்ற எதுவும் தெரிந்தால் விலகிச் சென்று காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

செலவு பெரிதில்லை. பென்சில், கோடில்லாத நோட்டு, அளவுநாடா, வெர்னியர் காலிப்பர், சிறு காந்தம், பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி, கைவிளக்கு, சமையலறைத் தராசு, மென்மையான பல்துலக்கி, மூங்கில் குச்சி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள், சிலிக்கா ஜெல், கையுறை ஆகியவை போதும்.

பென்சிலைச் சொல்வதற்குக் காரணம், ஈரம் பட்டால் பேனா மை கரைந்துவிடும் என்பதே. கையுறைக்குக் காரணம் மண். தசைவிறைப்பு ஜன்னியின் கிருமி மண்ணில் இருக்கிறது. துருவேறிய விளிம்பு தோலைக் கிழித்தால் அது உள்ளே போக வழி கிடைக்கிறது. தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. கிடந்த நிலையிலேயே பதிவு செய்தல்

கருவியின் ஒரு முனை தெரிந்தவுடன் இழுக்காதீர்கள். அளவுநாடாவைப் பக்கத்தில் வைத்து மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுங்கள். நிலமட்டத்திலிருந்து ஆழம், வீட்டு மூலை அல்லது எல்லைக்கல் போன்ற நிலையான இரண்டு புள்ளிகளிலிருந்து தூரம், மண்ணின் நிறம், சாம்பலோ கரியோ செங்கல் துண்டோ இருக்கிறதா என்பது ஆகியவற்றை எழுதுங்கள். இரண்டு புள்ளிகள் வேண்டும் என்பதற்குக் காரணம், ஒரு புள்ளியிலிருந்து மட்டும் அளந்தால் பிறகு அதே இடத்துக்குத் திரும்பிச் செல்ல முடியாது.

ஆழத்தை வைத்துக் காலம் சொல்வது பெரும்பாலும் தவறாகவே முடிகிறது. கரும்பு நிலத்தில் கலப்பை போகும் ஆழம்வரை மண் பலமுறை புரண்டிருக்கும். நேற்றைய போத்தல் மூடியும் நூறாண்டுக்கு முந்திய ஆணியும் அங்கே ஒன்றாகக் கிடக்கும். சரிவான நிலத்தில் மழை மேட்டு மண்ணைக் கொண்டுவந்து பள்ளத்தில் கொட்டுவதால், ஒரே மழைக்காலத்தில் ஒரு பொருள் ஆழத்துக்குப் போய்விடவும் கூடும்.

ஆழத்தைவிட நம்பத்தக்கது, அதே படுகையில், அதாவது ஒன்றாகப் படிந்த மண் அடுக்கில், கூடவே கிடந்த பொருள்கள். கலையாத ஒரு படுகையில் உள்ளவற்றுள் மிகப் புதிய பொருள் எதுவோ, அந்தப் படுகை அதற்கு முன்பு உருவாகியிருக்க முடியாது. போத்தல் கழுத்து, பீங்கான் ஓடு, பொத்தான், தோட்டா உறை, நாணயம் எதையும் எறிந்துவிடாதீர்கள்; இவற்றின் காலம் கருவியின் காலத்தைவிட எளிதாகத் தெரியும். கோலிக்குண்டு அடைக்கும் சோடாப் போத்தலுக்கு 1872இல் காப்புரிமை வந்தது. விளிம்பை நெளித்து அடைக்கும் தகர மூடிக்கு 1892இல். போத்தலை முழுக்க முழுக்க இயந்திரமே ஊதும் முறை 1903 முதல். பீங்கான் தட்டின் அடியில் 'இங்கிலாந்து' என்று ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது.

இன்னொரு குறிப்பும் உண்டு. கருவியைச் சுற்றிக் கையளவு மண்ணைத் தனிப் பையில் எடுத்து வையுங்கள். அதில் கரித்துண்டு இருந்தால் பின்னால் ஆய்வகத்துக்குப் பயன்படும்.

4. எடுத்தபின் கெடாமல் வைத்தல்

உலர்ந்த மண்ணிலிருந்து வந்த இரும்பை உலர்ந்தே வையுங்கள். சதுப்பிலிருந்தோ கடற்கரையிலிருந்தோ ஈரமாக வந்ததை ஈரமாகவே வையுங்கள். மண்ணுக்குள் இத்தனை ஆண்டும் ஒரு சமநிலையில் இருந்த இரும்பு, திடீரென்று காற்றும் ஈரமும் சேர்ந்து கிடைத்ததும் வேகமாக அரிக்கத் தொடங்குகிறது. மிச்சமிருந்த சான்று சில மாதங்களில் செதில்களாக உதிர்ந்துவிடும்.

நம் கரையோர மண்ணில் உப்பு அதிகம். மேற்பரப்பில் மஞ்சளும் ஆரஞ்சுமான சிறு துளிகள் வியர்வைபோல் அரும்பினால், உள்ளே குளோரைடு இருக்கிறது என்று பொருள். அதை மூடியுள்ள பெட்டியில் நிறையச் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, விரைவில் அருங்காட்சியகப் பராமரிப்பாளரிடம் காட்டுங்கள். ஈரமாக எடுத்ததை நல்ல தண்ணீரில் சிறிது சலவைச் சோடா கரைத்து மூழ்க வைக்கலாம். காரநீரில் இரும்பு மெதுவாகவே அரிக்கும்.

இந்த நிலையில் செய்யத் தகாதவை: வினிகர், அமிலம், கம்பித் தூரிகை, சுழலும் அரைப்பான், எண்ணெய், நெருப்பு. அமிலம் துருவோடு முத்திரையையும் கரைக்கிறது. துருவை எளிதாக உதிர்க்கலாம் என்று சிலர் அடுப்பில் காய்ச்சுகிறார்கள். அதனால் கொல்லன் உலையில் இரும்புக்குள் ஏற்பட்ட அமைப்பு மாறிவிடுவதால், பின்னர் எந்த ஆய்வகமும் அதைப் படிக்க முடியாது. மென்மையான பல்துலக்கியும் மூங்கில் குச்சியும் எடுக்கிற மண்ணை மட்டும் எடுங்கள்.

5. எந்த இரும்பு என்று பார்த்தல்

காலக் கணிப்பின் முதல் பெரிய பிரிவு இங்கேதான். முதலில் காந்தத்தை வையுங்கள். வலுவாக இழுத்தால் உள்ளே உலோகம் இருக்கிறது. மெல்ல இழுத்தால் பெரும்பகுதி துருவாகிவிட்டது, தூக்கும்போது உடையலாம்.

தேனிரும்பு (கொல்லன் அடித்து வடிக்கும் பழைய வகை இரும்பு), மென்எஃகு (ஆலையில் மலிவாகச் செய்த எஃகு), வார்ப்பிரும்பு ஆகிய மூன்றையும் அவை துருப்பிடித்திருக்கும் விதத்திலிருந்தே பெரும்பாலும் பிரித்தறியலாம். தேனிரும்பில் சிட்டம் நூல்நூலாக ஓடுகிறது. அது அடித்து நீட்டப்பட்ட திசையிலேயே நீண்டிருக்கும். துரு அந்த நூல்களுக்கு இடையே புகுவதால், பழைய மரப்பலகை வெயிலில் வெடிப்பதைப்போல் நீளவாக்கில் வரிவரியாகப் பிரியும். மென்எஃகில் அந்த வரிகள் இருப்பதில்லை; குழிகுழியாக எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் அரிக்கும். வார்ப்பிரும்பு உடைந்தால் உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் மணல்போல் தெரியும். அதைக் கொல்லன் அடித்து வடிக்க முடியாது, எனவே அச்சில் ஊற்றிச் செய்ததாகும்.

பெஸ்ஸெமர் முறையில் மலிவாக எஃகு செய்வது 1856இல் அறிமுகமானது. அதன்பின் மென்எஃகு மெதுவாகத் தேனிரும்பின் இடத்தைப் பிடித்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பெரும்பாலான வேலைகளுக்கு அதுவே வந்துவிட்டது. ஆகவே மென்எஃகுக் கருவி 1850களுக்கு முந்தியதாக இருப்பது அரிது. இதைத் தலைகீழாகச் சொல்ல முடியாது: தேனிரும்புச் சட்டங்கள் பட்டறைகளில் 20ஆம் நூற்றாண்டிலும் கிடந்தன, பழைய வண்டிப் பட்டையை எடுத்து 1930இல் ஒருவர் களைக்கொத்து அடித்திருக்கலாம்.

சாணைக்கல்லில் உரசிப் பொறியைப் பார்த்து இரும்பை அறியும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. அது நல்ல சோதனைதான். மண்ணில் கிடைத்த கருவியில் அதைச் செய்யாதீர்கள். உரசிய இடம் திரும்ப வராது.

6. செய்முறையின் தடயங்களைப் படித்தல்

இந்தப் படிக்கு மிக அதிக நேரம் கொடுங்கள். இருட்டறையில் கைவிளக்கைக் கருவியின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் ஒளியைச் சாய்த்துப் பிடியுங்கள். நேரான வெளிச்சத்தில் ஒன்றுமில்லாத தட்டையாகத் தெரிந்த முகத்தில், சுத்தியல் விழுந்த ஒவ்வொரு இடமும் மெல்லிய பள்ளமாக எழும்பும்.

கையால் அடித்ததில் தடிமன் எங்கும் ஒன்றாக இராது. காலிப்பரை ஒரே கோட்டில் பல இடங்களில் வைத்து அளந்து எழுதுங்கள். தடிமன் சிறிது சிறிதாக மாறி, ஓரங்கள் முழுக்க நேராக இல்லாமல், இடமும் வலமும் சற்று வேறுபட்டால் அது பட்டறை வேலை. தகடு முழுவதும் ஒரே தடிமனாக இருந்தால், ஆலையில் உருட்டிய தகட்டிலிருந்து வெட்டியிருப்பார்கள். கருவியின் நடுவிலோ ஓரத்திலோ மெல்லிய வரம்பு ஒன்று சுற்றிவர ஓடினால், இரண்டு அச்சுக்கு இடையில் இயந்திரச் சம்மட்டியால் அமுக்கியது. அவ்வகை வேலை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகியது.

அடுத்து, காம்பு நுழையும் கண். கோடாரிக்கும் மண்வெட்டிக்கும் கண் செய்ய இரண்டு பழைய வழிகள் உண்டு. இரும்புப் பட்டையை மடித்து, நுனிகளைச் சேர்த்து, உலையில் வெள்ளைச் சூடு ஏற்றி அடித்துப் பற்றவைப்பது ஒன்று. அப்படிச் செய்ததில் கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய கோடு தெரியும். பற்று சரியாகப் பிடிக்காத இடத்தில் துரு அக்கோட்டைப் பிளந்தே காட்டும். கனமான கட்டியில் துளையுளியை இரு பக்கமும் அடித்து நடுவில் சேர்த்து விரிப்பது மற்றது. அங்கே துளை நடுவில் சற்று ஒடுங்கியிருக்கும். துளை உருளையாக, சுவர் வழவழப்பாக, விளிம்பு கூராக இருந்தால் துளையிடும் இயந்திரத்தின் வேலை.

அதன்பின் வெட்டுவாய். பழைய கொல்லர்கள் விலையுயர்ந்த எஃகை வாய்க்கு மட்டும் வைத்து, மீதியைத் தேனிரும்பில் செய்தார்கள். எஃகும் இரும்பும் வேறுவேறு வேகத்தில் துருப்பிடிப்பதால், வாயிலிருந்து ஒன்றிரண்டு விரல் உள்ளே நிறமும் குழியின் அளவும் மாறும் ஒரு கோடு பல கருவிகளில் வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. நெடுநாள் தீட்டித் தீட்டி எஃகு முழுவதும் தேய்ந்துபோன கருவியில் அந்தக் கோடு இருக்காது, அகலமும் குறைந்திருக்கும். அப்படிப்பட்ட கருவி எவ்வளவு உழைத்தது என்பதற்கு அதுவே சாட்சி.

கண்ணுக்குள் இருக்கும் துருவைக் குத்தி எடுக்க வேண்டாம். பூதக்கண்ணாடியில் பாருங்கள்: காம்பு மரம் மக்கிப்போன இடத்தில் இரும்பு உப்புகள் ஊறி, மரத்தின் வரிகள் அப்படியே துருவாக உறைந்திருக்கும். எந்தத் திசையில் காம்பு நின்றது என்பதும், ஆப்பு எங்கே அடித்தார்கள் என்பதும் அதில் தெரியும். என்ன மரம் என்பதைக்கூட வல்லுநர் சொல்லிவிட முடியும். முதல் நாளிலேயே ஆணியால் கண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்பவர்கள் இழப்பது இதைத்தான்.

மாற்றி அடித்த கருவிகள் தனிக் கவனம் கேட்கின்றன. தேய்ந்த அரம் நல்ல எஃகு என்பதால் அதைக் கத்தியாகவும் உளியாகவும் அடிப்பது எல்லா ஊர்க் கொல்லரிடமும் இருந்த வழக்கம். கரும்பு வெட்டும் கத்தியின் முதுகுப்பக்கத்தில் சாய்வொளி படும்போது, மயிரிழை இடைவெளியில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் சாய்கோடுகள் தெரிந்தால், அவை அரத்தின் பற்கள். சுத்தியல் அடியில் தட்டையாகி இன்னும் மிஞ்சியிருப்பவை. கோடுகள் ஒழுங்காக ஒரே இடைவெளியில் ஓடுகின்றனவா என்று பார்த்தால் தற்செயலான கீறலிலிருந்து பிரித்தறியலாம். வளைவான கனத்த பட்டையில் செய்த கத்தி லாரி ஸ்பிரிங் பட்டையிலிருந்து வந்திருக்கலாம். அப்போது அது மோட்டார் வண்டிக் காலத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது.

7. என்ன கருவி என்று முடிவுசெய்தல்

செய்முறையைப் படித்த பிறகே பெயர் வையுங்கள். முதலிலேயே 'இது அரிவாள்' என்று முடிவுகட்டினால், கண் அரிவாளுக்கு ஏற்றதை மட்டும் பார்க்கும்.

காம்பு பொருந்தும் இடத்திலிருந்து தொடங்குவது எளிது. தோட்ட வேலைக்கு ஐரோப்பியர் இறக்குமதி செய்த மண்வெட்டிகளில் தகட்டின் மேல் வளையம்போன்ற கண் இருக்கும். பர்மிங்காமும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் உலகெங்கும் உள்ள தோட்டங்களுக்கு இவற்றைச் செய்து அனுப்பின. இந்நாட்டு ஆப்பிரிக்கக் கொல்லர் அடித்த மண்வெட்டியில் கண் கிடையாது. இலைபோன்ற தகட்டின் பின்னே கூரிய வால் இருக்கும். தடியின் தடித்த தலையில் துளையிட்டு அந்த வாலைச் செருகுவார்கள். இப்பகுதியில் இரும்பு உருக்கி உழுதுண்ட சமூகங்கள் ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு மேலாக இருந்திருக்கின்றன. ஆகவே வாலுள்ள மண்வெட்டி கிடைத்தால் அதை நம் முன்னோரின் கருவி என்று உரிமை கொண்டாடாமல், அது யாருடையதோ அவர்களின் வரலாற்றாக மதித்து உடனே தெரிவிக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நம் குடும்பச் சேகரிப்புகளில் இந்தத் தவறு அடிக்கடி கண்ணில் படுகிறது.

தேய்மானம் பயனைச் சொல்கிறது. மண்வெட்டியின் ஒரு மூலை மட்டும் தேய்ந்திருந்தால், ஒரே பக்கம் சாய்த்து இழுத்து வேலை செய்தவர் கையில் இருந்தது. உளியின் தலை குடைபோல் விரிந்திருந்தால் இரும்புச் சுத்தியல் பட்டது. விரியாமல் இருந்தால் மரக்கொட்டாப்புளியால் தட்டியிருப்பார்கள் என்று கொள்ளலாம்.

ஊர்ப் பெரியவர்களிடம் காட்டும்போது உங்கள் ஊகத்தைச் சொல்லாதீர்கள். "தாத்தா, இதை எப்படிப் பிடிப்பீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். கரும்பு வெட்டிய கை கருவியை எடுத்தவுடன் சரியான இடத்தில் பிடிக்கும். அவர் சொல்லும் பெயரை, அது தமிழோ தெலுங்கோ சூலுவோ, சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

8. முன் எல்லையும் பின் எல்லையும்

ஒரு கருவிக்கு மூன்று காலம் உண்டு: செய்த காலம், உழைத்த காலம், மண்ணுக்குள் போன காலம். இம்மூன்றையும் கலப்பதால்தான் பெரும்பாலான சண்டைகள் எழுகின்றன. ஒரே ஆண்டைச் சொல்ல முயலாமல், 'இதற்கு முன் இருக்க முடியாது', 'இதற்குப் பின் இருப்பது அரிது' என்று இரண்டு எல்லைகளை எழுதுங்கள்.

முன் எல்லை தரும் அடையாளங்கள் உறுதியானவை. துருவே பிடிக்காத எஃகு 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி கண்டறிந்த வகையைச் சேர்ந்தது. அதற்கு முன் இல்லை. வாயுச் சுடரால் பற்றவைக்கும் ஆக்ஸிஅசெட்டிலீன் பற்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு முந்தியதன்று. மீன்செதில்போல் அடுக்கடுக்கான மின்பற்று இருந்தால் பெரும்பாலும் முதல் உலகப் போருக்குப் பிந்தியது. ஆனால் பற்று பிற்காலப் பழுதுபார்ப்பாகவும் இருக்கலாம். அப்போது அது கருவியின் பிறப்பைச் சொல்லாது, அது இன்னும் உழைத்துக்கொண்டிருந்ததைச் சொல்லும்.

முத்திரை இருந்தால் அதிர்ஷ்டம். அரச முத்திரையில் விக்டோரியாவின் எழுத்துகள் இருந்தால் 1901க்கு முன். அம்புக்குறி இருந்தால் பிரிட்டிஷ் அரசுக்குச் சொந்தமாயிருந்த பொருள். நாட்டின் பெயரைப் பொறிக்கும் வழக்கம், பிரிட்டனின் 1887ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்துக்கும் அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்துக்கும் பின்னரே பரவியது. 'காஸ்ட் ஸ்டீல்' என்று பொறித்திருப்பதைப் பார்த்து அதை வார்ப்பிரும்பு என்று எண்ணிவிடாதீர்கள். மூசையில், அதாவது உருக்கும் களிமண் கிண்ணத்தில், உருக்கிச் செய்த உயர்ந்த எஃகு என்பதே அதன் பொருள், 19ஆம் நூற்றாண்டுக் கருவிகளில் அது மிகுதி. பாதி அழிந்த எழுத்தை ஊகத்தால் நிரப்பாமல், தெரிகிற எழுத்தை மட்டும் வரைந்து, தெரியாத இடத்தில் புள்ளி வையுங்கள்.

இதையெல்லாம் ஒன்றுசேர்ப்பது எப்படி என்று ஒரு மண்வெட்டியைக் கொண்டு காட்டுகிறேன். பழைய பாரக்ஸ் அருகே கழிவுநீர்க் குழாய்க்குப் பள்ளம் வெட்டும்போது, கலையாத சாம்பல் படுகையில் அது கிடந்தது. கூடவே கோலிச் சோடாப் போத்தலின் கழுத்தும், அடியில் 'இங்கிலாந்து' என்றிருந்த தட்டின் துண்டும் இருந்தன. தகடு நீளவாக்கில் வரிவரியாகப் பிரிந்திருந்ததால் தேனிரும்பு. கண்ணில் மடித்துப் பற்றவைத்த கோடு. வாயில் எஃகு ஒரு மூலையில் மட்டும் மிஞ்சியிருந்தது. போத்தல் 1872க்குப் பின், தட்டு 1891க்குப் பின் என்பதால் படுகை 1891க்கு முன் உருவாகியிருக்க முடியாது. கண்ணின் வேலையும் இரும்பும் 19ஆம் நூற்றாண்டுக்கு இசைகின்றன. எனவே எழுதத் தக்கது இவ்வளவே: 'செய்தது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதி, நெடுநாள் உழைத்தது, எறியப்பட்டது 1891க்குப் பின்.' 1860இல் கப்பலில் வந்தது என்று சொல்ல ஆசை எழும். அதற்குச் சான்று எதுவும் அந்த மண்வெட்டியில் இல்லை.

துருவின் கனத்தை வைத்துக் காலம் சொல்பவர்கள் பலர். கடற்காற்றும் உரமிட்ட அமில மண்ணும் இருபது ஆண்டில் செய்யும் அரிப்பை, உலர்ந்த களிமண் இருநூறு ஆண்டிலும் செய்யாமல் விட்டிருக்கலாம். தீயில் வெந்த வீட்டில் கிடந்த இரும்பு கருநீலச் செதில் போர்த்தி நன்றாகவே நிற்கும். முரட்டு வேலையைப் பழமை என்று எண்ணுவதும் இதே வகைப் பிழைதான்; அவசரத்துக்கு 1950இல் அடித்த களைக்கொத்து, 1850இல் தேர்ந்த கொல்லன் அடித்ததைவிட முரடாக இருக்கும்.

9. ஆய்வகம் என்ன செய்ய முடியும்

எக்ஸ்ரே படம் முதலில் வரவேண்டும். துருவைத் தொடாமலே உள்ளிருக்கும் முத்திரை, பற்றுக்கோடு, எஃகு வாய் ஆகியவற்றை அது காட்டிவிடும்.

கரியில் உருக்கிய இரும்பில் மரத்தின் கரிமம் கலந்திருப்பதால், சிறு மாதிரியெடுத்துக் கதிரியக்கக் கரிம முறையில் காலம் கணிக்க முடியும். நிலக்கரியைச் சுட்டெடுத்த கோக் என்ற எரிபொருளில் உருக்கியதற்கு இம்முறை பயன்படாது. நிலக்கரியின் கரிமம் கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையானது, விடையும் பொய்யாகவே வரும். ஆப்ரகாம் டார்பி 1709இல் கோக்கைக் கொண்டு உருக்கத் தொடங்கி, அது பரவிய பின் வந்த பிரிட்டிஷ் இரும்புக்கு இச்சோதனையைக் கேட்டுப் பணம் செலவழிக்க வேண்டாம்.

மின்பகுப்பு முறையில் துரு நீக்குவதை இணையத்தில் பார்த்துவிட்டு வீட்டில் செய்யத் துணிபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: எவர்சில்வர் துண்டை மின்முனையாக வைத்தால் நச்சுக் குரோமியம் நீரில் கலக்கும், எந்த முனையானாலும் வெளிவரும் ஹைட்ரஜன் மூடிய அறையில் தீப்பற்றும். துருவாக உறைந்த மரவரிகளும் அதோடு போய்விடும். தொல்லியல் பொருளில் இதை அனுமதியின்றிச் செய்வது சட்டப்படியும் தவறு.

10. எழுதி வைத்தலும் ஒப்படைத்தலும்

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தாள் ஒதுக்குங்கள். கிடைத்த நாள், இடம், ஆழம், படுகை, கூடக் கிடந்தவை, நீளம், அகலம், பல இடத்துத் தடிமன், எடை, இரும்பின் வகை, செய்முறைத் தடயங்கள், முத்திரை, பெரியவர்கள் சொன்னது ஆகியவற்றை இந்த வரிசையில் எழுதிய பிறகே காலத்துக்கான இரண்டு எல்லைகளை எழுதுங்கள். ஒவ்வொரு எல்லைக்கும் எதிரே அதன் சான்றைக் குறியுங்கள். கண்ணால் கண்டது, கேட்டது, ஊகித்தது ஆகிய மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். பின்னால் பார்ப்பவர் உங்கள் ஊகத்தை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே பயன்படுத்திக்கொள்ள முடியும்.

எஸ்டேட்டின் பெயர் தெரிந்தால் டர்பனில் உள்ள 1860 மரபு மையத்தையும் காந்தி-லுத்துலி ஆவண மையத்தையும் கில்லி கேம்பெல் நூலகத்தையும் அணுகுங்கள். பாரக்ஸ் எங்கே இருந்தது, எப்போது இடிந்தது என்பது பழைய வரைபடத்திலோ படத்திலோ கிடைத்தால், படுகைக்கு ஒரு பின் எல்லை கிடைத்துவிடும். நிலத்துக்கு அடியில் கிடைக்காத சான்று இப்படிக் காகிதத்தில் கிடைத்த நேரங்கள் உண்டு.

அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகும்போது கருவியைக் கழுவாமல், எடுத்த மண் பையோடும் கூடக் கிடந்த துண்டுகளோடும் சேர்த்துக் கொண்டுபோங்கள். பெட்டிக்குள் ஒரு சீட்டும் வெளியே ஒரு சீட்டும் பென்சிலில் எழுதி வையுங்கள்; ஒன்று தொலைந்தாலும் மற்றது இருக்கும். தாளின் நகல் ஒன்றை அவர்களிடம் கொடுத்து, அவர்கள் தரும் பதிவெண்ணை உங்கள் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நாளை உங்கள் பேரப்பிள்ளை அந்த மண்வெட்டியைப் பார்க்க விரும்பினால், கேட்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.